இருபத்தோரு சாயங்காலம்

எஃபேலியா கபல்தோன் தன் புல்தரையை
வெட்டிச் சுருட்டி வெளியே எறிந்த மார்ச் மாதம்
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தவன் நான்.
லாரி நிறையச் சரளை வந்து இறங்கியது.
நல்ல மண்ணைக் கொட்டிவிட்டுக்
கல்லை உள்ளே அள்ளிப்போடும் ஆளை
பெலென் ஊரில் அதுவரை பார்த்ததில்லை.
ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம்
தண்டவாளத்து ஜல்லியில்
எதுவும் முளைக்காமல் பார்த்துக்கொள்ளச்
சம்பளம் வாங்கியவன்.

முப்பத்தாறு நாற்று.
நின்றால் கணுக்காலுக்குக்கூட வராது.
ஐஸ் செடியாம்.
இலைமேல் சர்க்கரை தூவினமாதிரி ஒரு மினுக்கம்,
அதைப் பார்த்து யாரோ வைத்த பெயர்.

மே மாதம் பூத்தது.
பத்து மணிக்கு முன்னால் கண் திறக்காது.
ஒரு மேகம் கடந்தால் போதும், கடையைச் சாத்திவிடும்.
வெயில் ஏற ஏற ஊதா,
பார்ப்பவன் கண்ணைச் சுருக்கும்படி ஊதா.
ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் முடித்து
அவள் காபிக் கோப்பையுடன் வாசலில் நிற்பதும்
அந்த நேரம்தான்.

ஜூனில் தங்கைக்கு டென்வரில் முழங்கால் அறுவை.
"மூன்று வாரம், ஹார்லன். பூனைக்குத் தீனி வை.
செடிக்கு ஒன்றும் செய்யாதே."
ஒன்றும் என்றால்?
"ஒன்றும் என்றால் ஒன்றும்."

நூற்றிரண்டு டிகிரி.
காற்றில் புழுதி, அதற்குள் சரக்கு ரயில்.
'ஈரமில்லாத மனுஷன்.'
டார்லா என் வீட்டைவிட்டு இறங்கும்போது
கடைசியாகச் சொன்னது.
பதினோரு வருஷமாக அந்தச் சொல்லை
எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாமல் இருந்தேன்.
ஹோஸ் கையில் இருந்தது.
நாளெல்லாம் வெயிலில் கிடந்த குழாயில்
முதலில் வருவது கொதிக்கும் தண்ணீர்.
வேரில் வெந்நீர் ஊற்றுவது என்பார்களே,
நான் அதை அன்போடு செய்தேன்.

வாடிய பூக்கள் விட்டுப்போன நெற்றுகள்
தண்ணீர் பட்டதும்
ஒவ்வொன்றாக வாய் திறந்தன,
சின்னச் சின்ன நட்சத்திரமாக.
நன்றி சொல்கின்றன என்று நினைத்தேன்.
இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

திரும்பி வந்தவள்
பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை.
குனிந்து ஒரு தண்டை அமுக்கினாள். கூழ்.
அடுத்ததும் கூழ்.
பத்தொன்பது.
"எத்தனை நாள்?"
"இருபத்தொன்று."
"பூனைக்கு?"
"அதற்கும் அப்படித்தான்."
பூனை மட்டும் பிழைத்திருந்தது,
கதவிடுக்கில் நுழைய முடியாத எடையில்.

அவள் திட்டியிருக்கலாம்.
மிஞ்சியவற்றின் நுனியைக் கிள்ளிச்
சரளையில் செருகிக்கொண்டே போனாள்.
நான் ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன்.

பிறகு ஏப்ரல்.
வேலியை ஒட்டி என் பக்கத்தில்
பிக்கப் நிற்கிற ஜல்லியில் ஏதோ பச்சை,
கடுகுக்கு ஒரு சுற்றுப் பெரியது.
களை.
கால் தானாகத் தூக்கிக்கொண்டது,
முப்பத்திரண்டு வருஷப் பழக்கம்.
அப்போதுதான் அந்தச் சர்க்கரை மினுங்கியது.
பூட்ஸ் அந்தரத்தில் நின்றது.
இறக்க இடமில்லை, எங்கும் அதுவே.

நர்ஸ் ஷூவோடு குந்தி உட்கார்ந்து எண்ணினாள்,
நாற்பதுக்குமேல் விட்டுவிட்டாள்.
"இந்த நெற்று வெயிலில் மூடியே கிடக்கும்.
நனைந்தால் திறக்கும்.
விழும் துளிதான் விதையைத் தெறிக்கவைக்கும்."
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:
"யாரோ இங்கே இருபத்தோரு நாள்
மழையாகப் பெய்திருக்கிறார்கள்."

பிக்கப் இப்போது தெருவில் நிற்கிறது.
ஹோஸின் வாயில் ஒரு குளவி மண் பூசுகிறது.
மறுபடி ஜூன். நூற்றிமூன்று.
கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு
ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
சுலபமில்லை.