அறுப்பின் பண்டிகை

அறுத்தது வேதமாணிக்கம்தான்.
வெட்டுவாய் இடப்பக்கம் சாய்ந்திருந்தது;
இந்தப் பள்ளத்தில் இடக்கைக்காரன் அவன் ஒருவன்.

வில்பட்டிக்கு மேலே, சோலைக்குள்ளிருந்து
என் வயல்வரை ஆயிரத்து இருநூறு அடி
கறுப்புக் குழாய்.
மூன்று நாள் என் இரண்டாம்போகப் பூண்டு
நுனி கருகி நின்றது.
மூன்று நாள் என் தண்ணீர்
எவருக்கும் ஆகாமல் சரிவில் இறங்கி
காட்டெருமைக் குளம்படிகளில் தேங்கிக் கிடந்தது.

மகன் யோபு ஒன்றும் பேசவில்லை.
சாணைக்கல்லை எடுத்து வாசலில் போட்டான்.
அந்தச் சத்தத்தில் படுத்தேன்,
அந்தச் சத்தத்தில் எழுந்தேன்.
ஞாயிறு வந்துவிட்டது.

கோயில் முழுக்க முட்டைக்கோஸ், பீன்ஸ், பேரிக்காய்,
கால் கட்டிய இரண்டு சேவல்.
ஐயர் கன்னத்தைப் பற்றிப் பேசினார்.
ஒரு கன்னம், மறு கன்னம்.
எனக்குச் சிரிப்பு வந்தது, கோபத்தில் வருகிற சிரிப்பு:
குழாய்க்கு ஏது ஐயா மறுகன்னம்?

முதல் போகத்தில் ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தேன்.
பீடத்துப் படியில் அதை இறக்கும்போதுதான்
சண்டே ஸ்கூலில் ஒப்பித்த பாடம்
முதுகில் தட்டியது:
வைத்துவிட்டுப் போ, முதலில் அவனிடம் போ.
அது அவனுக்குச் சொன்னதென்று நினைத்தேன்.
அறுத்தவன் அவன்தானே.
மறுபடி மனதுக்குள் ஒப்பித்துப் பார்த்தேன்.
உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்றில்லை;
அவனுக்கு உன்மேல் குறை இருந்தால்
என்றிருந்தது.

போன கோடையில்
ஒன்றேகால் அங்குலத்தைக் கழற்றிவிட்டு
இரண்டு அங்குலம் போட்டேன் நான்.
ராத்திரியில் போட்டேன்.
அவன் கேரட் விரலளவு ஆகுமுன்னே வெம்பிப்போனது.
"எங்கே மழை?" என்று
அவன் மனைவியிடம் சமாதானம் சொன்னேன்.

மூட்டையை விட்டுவிட்டு நடந்தேன்.
பாட்டு பாதியில் தடுமாறியது,
ஆர்மோனியம் மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தது.

பட்டுச்சேலையோடு ஏறினேன். கணுக்காலில் அட்டை.
ஊற்றடியில் குந்தியிருந்தான்,
பண்டிகைக்கும் வராமல் காவல்.
என்னைக் கண்டதும் மண்வெட்டியோடு எழுந்தான்.
பின்னால் யோபு வருகிறானா என்று
மூடுபனிக்குள் தேடினான்.
எனக்கும் பயம்தான்.
கைகளை விரித்துக் காட்டினேன்.
பூண்டு வாசம் தவிர அவற்றில் ஒன்றுமில்லை.

வழியெல்லாம் சேர்த்த வார்த்தைகள்
எந்த வளைவில் உதிர்ந்தனவோ.
"என் குழாய் பெரிசு" என்றேன்.
அவ்வளவுதான் வந்தது.

வெகுநேரம் நின்றான்.
பிறகு,
"சேலை நனையுது, தள்ளி நில்லு."

மன்னிப்பு அவன் கேட்கவில்லை.
அறுந்ததற்குக் காசும் தரவில்லை.
ஒரே அளவில் இரண்டு வாய் வைத்த இணைப்பை
மறுநாள் இருவரும் பொருத்தினோம்,
முகம் பார்க்காமல்.

என் மூட்டை ஏலத்தில் மூவாயிரத்துக்குப் போனதாம்.
யோபு இப்போது என்னோடும் பேசுவதில்லை.
அரிவாள் கதவிடுக்கில்,
கூர் குறையாமல். அதை என்ன செய்வதென்று
இன்னும் தெரியவில்லை எனக்கு.

சமாதானம் சொல்ல வாய் போதும்.
பண்ணுவதற்கு முழங்கால் வேண்டியிருக்கிறது:
சனிக்கிழமைதோறும் ஏறிப்போய்
இறுக்கியைத் திருகிப் பார்க்கிறேன்.
ஒரு வாரம் என் பக்கம் சொட்டுகிறது,
ஒரு வாரம் அவன் பக்கம்.