வாடகைக்கு சிடி டிரைவ்

ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட்.
கீழே, பிற்பாடு சேர்த்த வரி:
சிடி டிரைவ் வாடகைக்கு, அரை மணி முப்பது ரூபாய்.
தமிழ், இந்தி, வங்காளம், மூன்றிலும் எழுதி மாட்டியிருக்கிறேன்.
வங்காளத்தில் ஓர் எழுத்து தப்பு என்று
வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள்.
எந்த எழுத்தென்று கேட்டால்
ஆளுக்கொன்றைக் காட்டுகிறார்கள்.

பிராஜெக்ட் பைண்டிங்குக்கு வந்த இர்ஃபான்
போர்டைப் படித்துவிட்டுச் சிரித்தான்.
"இன்னாண்ணே, இன்னுமா சிடி கேக்குறாங்க?"
கேக்குறாங்க என்றேன்.
டாக்டருங்க கேக்குறாங்க.

காலை ஏழு மணிக்குக் காந்தி ரோட்டில் நின்று பார்.
லாட்ஜ் படி இறங்கி வரும் அக்குள் ஒவ்வொன்றிலும்
ஒரு பெரிய உறை.
உள்ளே கறுப்புப் படம், படத்தோடு ஒரு தட்டு.
அசன்சோலின் ஈரல், தன்பாதின் மூளை,
அகர்தலாவின் இடது முட்டி.
எத்தனை கேசட் கடை செல்போன் கடையானால் என்ன,
வேலூரில் சிடிக்குப் பஞ்சமில்லை.
பாட்டுதான் இல்லை அதில்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்
ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று வரை.

தபன் மாஜி, புருலியாக்காரர்.
பதினொன்றரைக்கு டாக்டர்,
தட்டு திறக்கிறதா என்று முன்னாடியே பார்த்துவிட வந்தார்.
இரண்டு ராத்திரி ரயிலில் மடியை விட்டு இறங்காத உறை.
மனைவி மாலோதி
பெஞ்சில் உட்கார முடியாமல்
இடுப்பு பெல்ட்டோடு சுவரில் சாய்ந்து நின்றார்.

டிரைவ் கொஞ்சம் முனகியது, பிறகு சுற்றியது.
முதுகெலும்பைக் காணோம்.
ட்ராக் ஒன்று, ட்ராக் இரண்டு, பதினான்கு வரைக்கும்.
புரியாமல் முதலாவதை அமுக்கினேன்.
ஸ்பீக்கரில் சத்தம் முழுசாக இருந்தது, என் தப்பு.

மேளம்.
நம் பறை இல்லை, உருமி இல்லை,
இறகு கட்டிய பெரிய மேளமென்று
தபன் பிறகு கைகளால் வரைந்து காட்டினார்.
அப்போது யாருக்கும் விளக்கத் தோன்றவில்லை.
கழுத்துப்பட்டை போட்டவர் உடம்போடு திரும்பினார்.
வாழைப்பழ வண்டியில் பேரம் நின்றது.
ஊசி ஒட்டிய கை ஒன்று
தாளம் போட்டு, வலித்து, விட்டுவிட்டது.

தபன் தம்பிக்குப் போன் போட்டார்.
அவன் கத்தியது தெருவுக்கே கேட்டது,
இந்தி கலந்திருந்ததால் எனக்கும் புரிந்தது:
பூஜைப் பாட்டு மூணு நாளா பாட மாட்டேங்குது,
சட்டை நுனியால துடைச்சேன்,
பேஸ்ட் போட்டுக்கூடத் தேய்ச்சேன்,
வண்டி பிளேயர் "நோ டிஸ்க்", "நோ டிஸ்க்"னே சொல்லுது.

"அண்ணி முதுகையா பேஸ்ட் போட்டுத் தேய்ச்சே?"
என்றார் தபன்.

சுவரில் சாய்ந்திருந்தவர் சிரித்தார்.
சிரித்தால் வலிக்கிறது,
வலித்தாலும் நிற்கவில்லை.
பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அங்கே ஏதோ ஒரு கடையில் கெஞ்சி
பேஸ்டுக்குத் தப்பிய படங்களை லிங்க்காக அனுப்பினான்.
பதினொன்று அடிக்கும்போது என் திரையில் இறங்கின,
சாம்பல் நிறத்தில், அடுக்கிய செங்கல் மாதிரி,
கீழிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்
எனக்கே தெரிகிற ஒரு பிதுக்கம்.
பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.
ஆக, தட்டே தேவைப்படவில்லை.
இதை இர்ஃபானிடம் நான் சொல்லவில்லை.

நேரத்தை நிறுத்தி வைத்திருந்தேன்,
வாடகையில் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி.
மாலோதி திரைப்பக்கம் விரல் நீட்டினார்: ஏழு.
சத்தம் குறைத்துப் போட்டேன்.
ஏழு முடிந்து எட்டு, எட்டு முடிந்து பாதி ஒன்பது.
கண்ணை மூடவில்லை அவர், தலையாட்டவில்லை,
போகிற வருகிற ஆட்டோக்களைப் பார்த்தபடியே
கேட்டார்.

அவர்கள் பேச்சில் எனக்கு நான்கு வார்த்தை தெரியும்:
வலி, எவ்வளவு, இல்லை, நாளைக்கு.
இந்தத் தெருவில் கடை நடத்த அது போதும்.

வெளியே எடுத்தபோது தட்டு சூடாக இருந்தது.
அதை வாங்கி பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு
மாலோதி என்னிடம் ஏதோ சொன்னார்.
அந்த நான்கில் ஒன்றுகூட அதில் இல்லை.