வெள்ளை, தள்ளுபடி

கொழும்புப் பொட்டலத்தில்
நீலம் பதினேழு, வைடூரியம் நாலு.
மிச்சத்தைப் பேரேட்டில்
"வெள்ளை, தள்ளுபடி" என்றெழுதி
என் பக்கம் ஒதுக்கினார் ஹபீபு மச்சான்.
கீழக்கரையில் படிகத்தைக் கொண்டுவருபவனுக்கு
யாரும் தேநீர் சொல்வதில்லை.

தட்டில் கொட்டினேன்.
ஒன்று சுண்டுவிரல் நுனி.
ஒன்று தீப்பெட்டி அளவு.
ஒன்று, வளரும்போதே பக்கத்துக் கல் நெருக்கி
ஒருபுறம் சப்பிப்போனது.
எல்லாவற்றுக்கும் பக்கம் ஆறு.
பக்கங்களின் குறுக்கே மெல்லிய வரிகள்,
நின்று நின்று வளர்ந்ததுபோல.

போன வருஷத்து நாள்காட்டி அட்டையில்
சுண்டுவிரல் கல்லின் மூலையை வைத்து
அளந்து வெட்டினேன்.
வெட்டு அடுத்ததற்கும் பொருந்தியது.
அதற்கடுத்ததற்கும்.
சப்பையை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன்.
பொருந்தியது.
அகலத்தைக் கொடுத்திருக்கிறது, நீளத்தைக் கொடுத்திருக்கிறது.
மூலையைக் கொடுக்கவில்லை.

மின்சாரம் போன சித்திரை மத்தியானம்.
கண்ணாடியோ என்று கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன்.
கண்ணாடி என்றால் நாலு மூச்சில்
நம் சூட்டுக்கு இணங்கிவிடும்.
இது இணங்குவதாயில்லை.
இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்,
சோதனைக்காக மட்டும் அல்ல.

தீப்பெட்டிக் கல்லை ஜன்னலுக்கு நேரே சாய்த்தபோது
உள்ளே ஏதோ நகர்ந்தது.
லென்ஸைக் கண்ணில் இடுக்கினேன்:
ஒரு சொட்டுத் தண்ணீர்,
அதற்குள் கடுகளவு காற்று.
எப்படிச் சாய்த்தாலும்
கொத்தனாரின் ரசமட்டம்போல்
மேட்டைத் தேடி ஓடுகிறது.

மச்சானும் பார்த்தார்.
"பட்டை தீட்டினா ஒழுகிரும். விலை போகாது."
ளுஹருக்குப் போய்விட்டார்.

எந்தக் காலத்து ஈரமோ.
உப்பா, நல்ல தண்ணியா?
உடைத்தால்தான் தெரியும்.
உடைத்தால் நாக்குக்கு எட்டுமுன் காய்ந்துவிடும்.

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது.
குடம் பன்னிரண்டு ரூபாய்,
போன மாதம் பத்து.
இரண்டு குடத்தோடு ஓடினேன்,
கல்லை வைத்துவிட்டு வர மறந்து.

வரிசை நீளம். காலடியில் சுடுமணல்,
கடல் பக்கமிருந்து காற்று கொண்டுவந்து போட்டது.
அதிலும் பாதிக்குமேல் இதே சாதிதான்,
மூலைகளை அலையிடம் கொடுத்துவிட்டவை.

முன்னால் நின்ற ராவியத் லாத்தா
"கையிலே என்னடி, பனிக்கட்டியா?" என்றாள்.
தண்ணீர் என்றேன்.
சிரித்தாள். சாய்த்துக் காட்டினேன்.
சிரிப்பை நிறுத்தி,
குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு
இரண்டு கையாலும் வாங்கினாள்.

குழாய்க்காரன் கத்தினான்.
எங்கள் முறை.