மூன்றாம் பக்கத்தின் அடியில்

செப்டம்பரிலேயே சுப்பீரியர் ஏரி
இரும்பு நிறத்துக்கு வந்துவிட்டது.
மாணவர் கட்டடத்தின் நிலவறையில்
கொதிகலன் அறைக்கு அடுத்த கதவு.
'பிரேக்வாட்டர்' என்று ஒட்டிய தாளில்
கடைசி எழுத்து கிழிந்திருந்தது.
பீட்சா இலவசம் என்றார்கள்.
அதற்காகத்தான் போனேன், பொய் சொல்வானேன்.

பீட்சா தீர்ந்திருந்தது.
ஆகஸ்ட் ஹாக்கன்சன், இரண்டாம் ஆண்டு,
செய்தி ஆசிரியன்,
ஒரு காலுறை பச்சை, மற்றது சாம்பல்,
தலை நிமிராமல் கேட்டான்:
"எழுதுவியா, படம் எடுப்பியா,
இல்ல கமா போடவாவது தெரியுமா?"
"தெரியும்" என்றேன்
எது என்று சொல்லாமல்.

உணவுக்கூடத்தில் தட்டு கழுவும் இயந்திரம்
ஒன்பது நாளாய்ப் பழுது.
ஒன்பது நாளாய்க் காகிதத் தட்டு ஊறி
கிரேவி மடியில் சொட்டுகிறது.
முந்நூறு சொல். புதன் இரவுக்குள்.

பிளீச் மணக்கும் பின்கட்டில்
முழங்கை வரை ரப்பர் உறை போட்ட பெண்
கரண்டிகளைத் தேய்த்தபடி சொன்னார்:
"தட்டுக்குக் காகிதம் இருக்கு.
கரண்டிக்கு நான் இருக்கேன்."

எனக்குக் காது சுட்டது.
இப்படி ஒரு வரி
முதல் நாளே யாருக்குக் கிடைக்கும்!
குறிப்பேட்டில் அதைக் கிறுக்கினேன்,
கைமறதியில் இரண்டு தடவை.
அவர் மார்பில் தொங்கிய அட்டையைப் பார்த்துப்
பெயரையும் எழுதிக்கொண்டேன்:
லைலா நிமெலா.

வெள்ளிக்கிழமை வந்தது.
கோலெட் பெரோ என்று என் பெயர்
அரிசியளவு எழுத்தில்.
ஏழு பிரதி எடுத்தேன்.
ஒன்றை வகுப்பில்
தற்செயல்போல் விரித்துவைத்தேன்.
அருகில் வந்து அமர்ந்தவன்
ஈரக் குடையை அதன்மேல் வைத்தான்.

திங்கள் காலை
அலுவலகத் தொலைபேசியில் ஒரு பதிவு.
கோபமே இல்லாத குரல்.
அதுதான் தாங்கவில்லை.
"என் பேர் நியெமெலா.
ஓர் எழுத்து விட்டுப்போச்சு.
மெஷின் ஓட ஆரம்பிச்சிடுச்சு,
அதையும் சொல்லணும்னு தோணுச்சு."

"கேட்டியா?" என்றான் ஆகஸ்ட்.
"அட்டையைப் பார்த்தேன்."
"பார்த்தது சரி. கேட்டியா?"
சுவருக்கு அப்பால் கொதிகலன் கனைத்தது.

மீண்டும் போனேன்.
அட்டையில் அதே நிமெலா.
"பதினோரு வருஷமா இப்படித்தான்" என்றார்
கையை உதறிக்கொண்டு.
"பேப்பர்லயாவது சரியா வரும்னு நினைச்சேன்."

முந்நூறு சொல்லுக்கு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.
இந்த மூன்று வாக்கியத்துக்கு
விடிய விடிய:
சென்ற இதழில் லைலா நியெமெலாவின் பெயரைத்
தவறாக அச்சிட்டோம்.
வருந்துகிறோம்.
கல்லூரி அவருக்குத் தந்த அடையாள அட்டையிலும்
அதே பிழை உள்ளது.

கடைசி வாக்கியத்தில் வந்து நின்றது
ஆகஸ்டின் சிவப்புப் பேனா.
"அவங்க பிழைக்கு
நாம திருத்தம் போடறதில்ல."
"அப்ப அது செய்தி" என்றேன்.
எனக்கே கேட்காத அளவுக்கு
மெதுவாகத்தான் சொன்னேன்.
பக்கம் கட்டிக்கொண்டிருந்த வின்ஸ்லோ
திரையிலிருந்து திரும்பாமல்,
"டயர் கடை விளம்பரத்தைச் சுருக்கினா
ரெண்டு வரி தேறும்" என்றாள்.
ஆகஸ்ட் பேனாவை மூடினான்.
சரி என்று சொல்லவில்லை.

மூன்றாம் பக்கத்தின் அடியில்
பனிக்கால டயர் தள்ளுபடிக்கு மேலே வந்தது.
திருத்தத்துக்குக் கீழே
எழுதியவர் பெயர் போடுவதில்லை.
அன்று ஒரு பிரதிதான் எடுத்தேன்.

நவம்பரில் முழங்கால் பனி.
அட்டை மாறவில்லை.
எச்சில் தட்டை ஜன்னலில் நீட்டும்போது பார்த்தேன்:
பிளாஸ்டிக்கின்மேல் நீல மையில்
இரண்டு எழுத்துக்கு நடுவே
ஒரு சின்னக் கூரை,
விடுபட்டது அதன் உச்சியில்.
நிலவறையில் நாங்கள் மெய்ப்பில் போடுகிற
அதே குறி.

யார் போட்டது என்று
கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் வரிசை
தட்டுகளோடு தள்ளியது.