காதர்பேட்டைக்குப் போன கனவு

திங்கள் காலை பையரின் மெயில்:
இலையுதிர் காலத்துக்கு சர்ரியலிசம் வேண்டும்,
எட்டு டிசைன், நான்கு கலர்,
வெள்ளிக்கிழமைக்குள்.

மெர்ச்சண்டைசர் நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.
"அதென்னங்க்கா சர்ரியலிசம், நெம்ப செலவாகுங்களா?"
"கனவு மாதிரிங்க.
தையல் மிசின் முட்டையிடற மாதிரி."
"அப்ப ஜிஎஸ்டி எத்தனை பர்சென்ட்டுங்க?"

நூறு வருசத்துக்கு முன்னால் தூரதேசத்தில் சிலர்
கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்களாம்,
கை தானாகப் போகட்டும் என்று.
அறிவு காவலுக்கு நிற்காத நேரம் பார்த்து
உள்ளே இருப்பது வெளியே வருமாம்.
இப்போது பி.என். ரோட்டில், மூன்றாம் மாடியில்,
கண்ணே இல்லாமல் ஒன்று வரைகிறது.
அதற்கு உள்ளே என்று ஏதாவது உண்டா,
உண்டென்றால் யாருடையது?

பொழுதோட எண்ணினேன், இருநூற்று நாற்பது படம்.
மீன் வயிற்றில் கதவு. கதவுக்கு மீசை.
மீசையில் ஒரு மழைக்காலம்.
எல்லாமே அழகு,
கல்யாண மண்டபத்து வாசலில்
பன்னீர் தெளிக்கும் பொம்மையைப் போல.

நான் இப்போது வரைவதில்லை.
கீழ்த்தளத்தில் சரோஜினி செய்வதைத்தான் செய்கிறேன்:
டியூப்லைட்டுக்கடியில் விரித்து,
ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்ட தையல்,
சிவப்பு அம்பு ஒட்டி ஓரமாய் எறிவது.
அவள் விரல் பார்க்காமலே கறையைக் காணும்.
எனக்கு இன்னும் அந்த விரல் வரவில்லை.

ஒருமுறை சும்மா கேட்டுப் பார்த்தேன்:
திங்களன்று சிவப்பாகவும்
வியாழனன்று ஊதாவாகவும் ஓடுகிற ஆறு.
வானவில்லும் தேவதையும் போட்டுக் கொடுத்தது.
நான் பள்ளிக்கூடம் போன நொய்யல் பாலத்துக்கடியில்
தேவதை யாரும் இல்லை, நுரைதான்.
தண்ணீரைப் பார்த்தே அடுத்த சீசன் கலரைச் சொல்வார்
டையிங் பட்டறைச் சென்னியப்பன்.
அதை யாரும் கனவென்று சொன்னதில்லை.
மனு என்றுதான் எழுதினோம்.

புதன் ராத்திரி, வேறு வழியில்லாமல்,
என் சொந்தக் கனவை டைப் செய்தேன்:
காங்கேயம் ரோட்டில் கரண்ட் இல்லை.
எல்லா வீட்டிலிருந்தும் சட்டைகள் மட்டும் இறங்கி வந்து
புளியமரத்தடியில் வரிசையில் நிற்கின்றன.
ஒன்றுக்குக் காஜா அடிக்க மறந்துவிட்டேன்.
எதற்கென்று தெரியவில்லை,
ஊசியோடு ஓடுகிறேன்.

நாற்பது வினாடி.
சட்டைகள் சரியாக இருந்தன. இருட்டும் சரி.
புளியமரம் ஏதோ பனிதேசத்து மரமாகியிருந்தது.
பயம் இல்லை.
"பயம்" என்று சேர்த்து அடித்தேன்.
நிலா பெரிதானது.

அன்றிரவு அதே கனவு வந்தது,
திருத்திய பிரதியாக,
அந்தப் பெரிய நிலாவோடு.
புளியமரத்தைத் தேடித் தேடி
வேர்த்து எழுந்து தண்ணீர் குடித்தேன்.
எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வது,
தூங்கும்போது மரம் வெட்டிவிட்டார்கள் என்று.

வியாழக்கிழமை அந்த மரத்தை அழித்து
புளியமரத்தை நானே போட்டேன்.
ஒரு கிளை கோணலாகப் போனது.
அழிக்கக் கை வரவில்லை.

ஏழு அப்ரூவ்டு.
எட்டாவது, சாம்பிளைக் கையில் பார்த்த பிறகு, ரிஜெக்ட்:
மரம் மற்றதோடு ஒட்டவில்லை.
சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.
அடித்த அறுபது பனியனும் மூட்டையில் ஏறி
எடைக்கு, காதர்பேட்டைக்கு.

தீபாவளிக்கு முந்தின வாரம்
பெருமாநல்லூர் பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒருவர்,
விரலிடுக்கில் சிமெண்ட், வாய் திறந்த தூக்கம்.
அவர் நெஞ்சில் என் சட்டைகள் வரிசையில் நின்றன.
மூச்சுக்கு மூச்சு மரம் ஏறி இறங்கியது.
துணி மடிந்ததில்
கோணல் கிளை நேராகத் தெரிந்தது.
உள்ளே அவருக்கு என்ன ஓடிக்கொண்டிருந்ததோ,
அதைக் கேட்டு வாங்க மிசின் இல்லை.

கண்டக்டர் தோளைத் தட்டினார்.
"ஏனுங், பூலுவபட்டி வந்துருச்சு, எறங்குங்."
திடுக்கிட்டு எழுந்தவர்
பனியனை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக்கொண்டார்.
கோணல் திரும்பி வந்தது.