பெரிய சின்னான்

முதன்முதலில் அதைப் பார்த்தது
ஒரு காரின் உபரிச் சக்கரத்துக்கு அடியில்.
உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி, பன்னிரண்டாம் தடம்,
விடியாத மூன்றேகால், மழை.
காலுறைக்குள் ஒன்று, இன்னொரு காலுறைக்குள் ஒன்று,
இப்படியே இருபத்து மூன்று.
படிவத்தில் எழுதினேன்:
உயிருள்ளவை பதினேழு. மற்றவை ஆறு.
சத்தத்துக்கு அதில் கட்டம் கிடையாது;
இருந்திருந்தால் கோடு போட்டிருப்பேன்.

"பாராவ்-பாராவ்," என்றாள் ஹஸ்லிண்டா.
"ஒன்றை விற்றால் உன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை மாற்றலாம்."
கையிலிருந்தது கண்ணைத் திறந்தது.
கருஞ்சிவப்பு,
எங்கள் முத்திரை மை காய்வதற்கு முன் இருப்பதுபோல.

எட்டு மாதம் கழித்து, விடுப்பில்,
சாங்கி முனைப் படகுத்துறை.
பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு நகரும்.
பதினொருவர் இருந்தோம்.
பன்னிரண்டாவதாக ஒருவன் சைக்கிளோடு வந்தான்;
சைக்கிளுக்கும் தனியே காசு கேட்டார் படகுக்காரர்.

உபின் தீவில் பறவை எண்ணிக்கை.
பெக் லியான் கையில் வரைபடம், என் கையில் பென்சில்.
"பார்க்கணும்னு இல்லை, கேட்டாலே போதும், எழுதிடு."
எனக்குச் சிரிப்பு வந்தது.
கண்ணால் காணாததை நான் கணக்கில் எழுதினால்
மறுநாளே விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

கல்லுடைத்த குழி இப்போது குளம்.
அதன் கரைப் புதரிலிருந்து ஒரு குரல்
ஏதோ கேட்க ஆரம்பித்துப் பாதியில் விட்டது.
மீதி, எதிர்க்கரை மரத்திலிருந்து.
இரண்டு தொண்டை, ஒரே வாக்கியம்.
பென்சில் பிடித்த கை அப்படியே நின்றது.
எழுதச் சொல்லி
பெக் லியான் முழங்கையால் இடித்தாள்.

பிறகு அதுவே வெளியே வந்தது.
தலை வைக்கோல் நிறம் என்கின்றன புத்தகங்கள்.
நான் வைக்கோலைத் தொட்டதில்லை.
தேக்காவில் வாங்கிவந்து
அடுப்பருகே வைத்ததும் இளகும் நெய், அதுதான் எனக்கு.
வாயோரம் ஒரு கறுப்புக் கோடு,
கையெழுத்துக்கு அடியில் அவசரமாய் இழுத்தது.
வெள்ளைத் தொண்டை.
மார்பில் கீற்றுக் கீற்றாய், மழை ஓடிய கண்ணாடி.
முதுகு மட்டும் காட்டின் நிறமாகவே இருந்தது;
திரும்பியதும் காணோம்.

இதன் சொந்தக்காரர்களை எனக்குத் தெரியும்.
யீஷூனில், எங்கள் நாலாவது மாடித் தாழ்வாரத்தில்,
வாலடி மஞ்சளான ஒன்று
காகிதப்பூத் தொட்டியில் கூடு கட்டி
நகர மன்றத்துக்குத் தெரியாமல் இரண்டு குஞ்சு வளர்த்தது.
செம்மீசைக்காரன்
கோப்பிக்கடைக்குப் பின்னால் கூண்டில்,
ஞாயிறுதோறும் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு.
ஆலிவ் சிறகுக்காரி காட்டோரத்தோடு சரி,
ஊருக்குள் வருவதில்லை.
எல்லாருக்கும் தமிழில் ஒரே வீட்டுப்பெயர்: சின்னான்.

குடும்பத்திலேயே பெரியது இது,
மைனாவுக்கும் மேலே ஒரு விரல்கடை.
இதுவும் சின்னான்தான்.
இருக்கட்டும்.
ஆறடி உயர என் அண்ணனை
வீட்டில் இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம்.

பெக் லியான் நான்கு என்றாள். நான் மூன்று என்றேன்.
ஒன்றே இடம் மாறிப் பாடியிருக்கலாம்.
வாதாடி, மூன்று என்று எழுதினோம்.
படகு கயிற்றை அவிழ்க்கையில்
துறைக்குப் பின்னாலிருந்து ஒன்று
பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தியது.
யாரும் முடித்துவைக்கவில்லை.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் கடலைப் பார்த்தேன்.

திங்கள் இரவு மறுபடி பன்னிரண்டாம் தடம்.
காரோட்டி கண்ணாடியை இறக்கி
வானொலியைத் தணிக்கிறான், மரியாதைக்கு.
கதவின் உட்பலகையை விரல் மடக்கித் தட்டுகிறேன்.
ஒருமுறை. காது வைத்து.
பிறகு, சற்று கீழே,
இன்னொருமுறை.