கனம்

சிலோயே தீவில் மழை
தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.
வலைக் கொட்டகையில், ஒன்பது முழத் துணிமேல்
வெறுங்காலோடு நிற்கிறாள் எதுவினா.

மூன்று வாரம் ஒரு கோடுகூட இல்லை.
துறைக்குப் போய்
லிசாந்த்ரோ படகைச் சுரண்டுவதைப் பார்த்திருந்தாள்:
மஞ்சளுக்கடியில் பச்சை,
பச்சைக்கடியில்
அவன் அப்பன் அடித்த சிவப்பு.

திரும்பி வந்து
துடைப்பத்தைக் கருநீலத்தில் முக்கினாள்.
அடித்தாள். பிடிக்கவில்லை.
மேலே வெள்ளை. அதுவும் பொய்.
கரண்டியால் வழித்தாள், முழங்கை வரை சிவப்பு,
இடது மூலைக்கு வந்தபோது
கை தானாக நின்றது.

வாசலில் நுழையவில்லை.
சன்னலைப் பெயர்த்து இறக்கினார்கள்.
"என்ன இந்தக் கனம்?" என்றான் லிசாந்த்ரோ.

"உள்ளே இன்னும் மூணு படம் இருக்கு.
வாங்குறவன் ஒண்ணுக்குத்தான் காசு தருவான்.
மெதுவாப் பிடி."